இரண்டு மணி ஆட்டம்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள், அக்கா. நான் ஓர் இடத்தில் சும்மா உட்காருகிற ஆள் இல்லை. எழுந்து எழுந்து முன்னால் எட்டிப் பார்ப்பேன், உங்களுக்குத்தான் தொந்தரவு. இந்த பஸ் தூத்துக்குடிக்கு எப்போது போய்ச் சேரும்? கண்டக்டரிடம் கேட்டேன். "போறப்ப போயிரும்மா" என்கிறார். இது ஒரு பதிலா? பதினொரு மணிக்கு நான் அங்கே இருந்தாக வேண்டும். ஒரு மனிதரை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள். அனுப்பலாமா கூடாதா என்று எங்கள் கல்லூரி டிரஸ்ட் ஆபீஸில் விசாரணை. அதில் நான் சாட்சி.

யாருடைய சாட்சி என்று கேளுங்கள். அவரை அனுப்பத் துடிக்கிறவர்களுடைய சாட்சி. ஏனென்றால் அவர்மேல் புகார் எழுதிக் கொடுத்தவளே நான்தான்.

அப்படிப் பார்க்காதீர்கள். எழுதியது சரிதான். இன்றைக்கும் சொல்வேன், ஒரு வரி மாற்ற மாட்டேன். ஆனால் அந்தப் புகாரை அவர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முதலிலிருந்து சொல்கிறேன். நீங்களும் தூத்துக்குடிதானே? நல்லது.

என் பெயர் செண்பகவல்லி. எங்கள் ஊர் அம்மன் பெயர், கோவில்பட்டி என்று அதிலேயே தெரிந்திருக்கும். எல்லோருக்கும் வல்லி. எம்.ஏ. அரசியல் அறிவியல். எங்கள் கல்லூரியில் ஒரு ரேடியோ நடத்துகிறோம், திடல் எஃப்.எம். என்று பெயர். பாட்டு கிடையாது, பட்டிமன்றம் கிடையாது, விளையாட்டு மட்டும்தான். எங்கள் ஊருக்கு ஹாக்கி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரி மைதானத்தில் ஆட்டம் நடக்கும், நாங்கள் மாடியில் ஒரு தகர அறையில் உட்கார்ந்து வர்ணனை சொல்வோம், சுற்றுவட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ் எல்லாவற்றிலும் அது ஓடும். கை குச்சி அடுக்கும், காது ஹாக்கி கேட்கும். பெரிய நிலையம் எல்லாம் இல்லை. சின்ன டிரான்ஸ்மிட்டர், கல்லூரிக் கட்டிடத்துக்கு மேலே ஒரு டவர், அவ்வளவுதான். ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து ஊருக்குக் கணீரென்று போகும்.

அதைப் பார்த்துக்கொள்கிறவர்தான் ஞானதுரை சார். எங்கள் நிலையத்தின் எஞ்சினியர். அவரைத்தான் இன்றைக்கு விசாரிக்கிறார்கள்.

பாவம், பரமசாது என்று நினைத்துவிடாதீர்கள். வாயைத் திறந்தால் குத்தல். எதைக் கேட்டாலும் "சொன்னா உனக்குப் புரியாது தாயி." அது எப்படிப் புரியாமல் போகும்? நீங்கள் புரிகிற மாதிரி சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்? வேலையில் குறை சொல்ல முடியாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் கரிசல் தூசி இருக்கிறதே, அது அந்த மெஷினின் ஃபேனுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். தினமும் காலையில் பிரஷ்ஷை வைத்துத் தட்டி எடுப்பார். காக்காய் கம்பித் துண்டாகப் பொறுக்கி வந்து டவரில் கூடு கட்டும். திட்டிக்கொண்டே ஏறிப் பிரிப்பார். ஸ்கூட்டர் ஹேண்டிலில் ஒரு சின்ன ரேடியோவைக் கட்டி வைத்திருப்பார். அதைப் போட்டுக்கொண்டே ஊர் ஊராகப் போய், எங்கே கரகரப்பு தொடங்குகிறது என்று பார்த்துவிட்டு வருவார்.

இதெல்லாம் யாருக்காக? ஆண்கள் ஆட்டத்துக்காக. பெண்கள் லீக் என்று ஒன்று நடக்கிறது, அதையும் ஒலிபரப்ப வேண்டும் என்று கேட்டது நான். எத்தனை கூட்டத்தில் கேட்டேன் தெரியுமா? கடைசியில் கொடுத்தார்கள். எந்த நேரம்? மத்தியானம் இரண்டு மணி! சாயங்காலம் லைட் போட்டு ஆண்கள் ஆட வேண்டுமாம். பெண் பிள்ளைகள் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமாம். எங்கள் மேல் என்ன அக்கறை!

இரண்டு மணி வெயிலில் அந்தத் தகர அறையில் நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். முன்பாதி முடிவதற்குள் தலை சுற்றிவிடும், சொல்ல வேண்டிய பெயர் வாயில் வராது. அந்த வெக்கையில் யாரால் முழுசாக வேலை செய்ய முடியும்? யாராலும் முடியாது. ஆனால் கீழே டிரான்ஸ்மிட்டர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஆள் கிடையாது. ஓர் இரும்புப் பெட்டி மட்டும் ஜம்மென்று குளிரில் உட்கார்ந்திருக்கிறது.

விடுவேனா? நேராகக் கல்லூரிச் செயலரிடம் போனேன். ஆதிநாராயணன் என்று பெயர், டிரஸ்டில் அவர் வைத்ததுதான் சட்டம். "மெஷினுக்குக் குளிர்ச்சி, மனுஷிக்கு வேர்வையா?" என்று கேட்டேன். அந்த ஒரு வாக்கியத்திலேயே ஜெயித்தேன். புதிது வாங்க மாட்டார், கஞ்சன். இருக்கிறதைக் கழற்றி மாடியில் மாட்டச் சொல்லிவிட்டார். மறுநாளே வந்து கழற்றினார்கள். ஞானதுரை சார் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நல்லது. எடுத்துட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான். மனிதருக்குத் தோல்வியைத் தாங்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் வேலையைக் காட்டினார்.

முதல் சில ஆட்டங்கள், அதாவது ஏசி மாறுவதற்கு முன்னால், நன்றாகவே கேட்டது. எங்கள் கோல்கீப்பர் முத்துப்பேச்சியின் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். "எம் மகபேரு ரேடியோவுல வருது" என்று அங்கே இருந்த அத்தனை பேரையும் வாயை மூட வைத்துக் கேட்டிருக்கிறார். நான் ஏசியை வாங்கினேன், அவ்வளவுதான், இந்தப் பக்கம் எங்கள் ஆட்டம் மங்க ஆரம்பித்தது. தொடக்கத்தில் தெளிவாக இருக்கும். பின்பாதியில் கரகரப்பு. முடிகிற நேரம் ஒன்றும் இல்லை. பேச்சி மூச்சு வாங்க வந்து கேட்டாள்.

"ஏட்டி வல்லி, நான் தடுத்தத மட்டும் எங்கம்மாவுக்குச் சொல்லாம விட்டுட்டியா?"

"சொன்னேனேடி! தொண்டை கிழியச் சொன்னேன்!"

"எங்கம்மா அழுதுட்டு இருக்கு. நான் ஆடவே இல்லன்னு நெனச்சுக்கிட்டு."

எனக்கு எப்படி இருக்கும்? மறுநாள் வர்ணனையை ஜூனியர் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, போனில் ரேடியோவைப் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். ரயில்வே கேட் வரைக்கும் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. கேட் தாண்டியதும் போயே போய்விட்டது. சாயங்காலம் அதே பஸ், அதே போன். ஆண்கள் ஆட்டம் கடைசி ஸ்டாப் வரைக்கும் காதைக் கிழிக்கிறது! இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? நேரே கல்லூரிக்குத் திரும்பி, அவர் அறைக்குள் போய்க் கேட்டேன்.

"சார், எங்க ஆட்டத்துக்கு மட்டும் ஏன் பவரைக் குறைக்கிறீங்க?"

"நான் குறைக்கல தாயி. அதுவாக் குறைச்சுக்குது. சூடு ஏறினா தன்னைக் காப்பாத்திக்கிடும்."

"ஆம்பளைங்க ஆடும்போது மட்டும் சூடு ஏறாதோ?"

"சாயங்காலம் ஏது வெயிலு?"

"அப்போ வெயிலும் உங்க கட்சிதான்."

தலையில் கையை வைத்துக்கொண்டார். "நீ என்ன படிக்க? அரசியலா? சரிதான். போ தாயி, போய் வெயில் மேல ஒரு மனு எழுது."

நான் வெயில் மேல் எழுதவில்லை. அவர் மேல் எழுதினேன். பெண்கள் ஆட்டம் ஊருக்குப் போய்ச் சேராதபடி எஞ்சினியர் வேண்டுமென்றே பவரைக் குறைக்கிறார் என்று எழுதிச் செயலரிடம் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. பெண்கள் ஆட்டம்தானே, யாருக்கு அவசரம்?

இதற்கு நடுவில் சார் ஒரு காரியம் செய்தார், கேளுங்கள். சிக்னல் சரியாக இருக்கிறது என்று காட்டுகிறேன் பேர்வழி என்று, இரண்டு மணி ஆட்டத்துக்கு நடுவில் மைக்கை வாங்கி, "திடல் எஃப்.எம். தெளிவா விழாத ஊர்க்காரங்க உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று அறிவிப்புக் கொடுத்தார். ஒரு போன்கூட வரவில்லை. "பாத்தியா? ஒருத்தருக்கும் குறையில்ல" என்றார். நான் சிரித்த சிரிப்பில் அறையே அதிர்ந்தது. "சார், ரேடியோ விழாத ஊருக்கு இந்த அறிவிப்பு மட்டும் எப்படி சார் விழுந்திருக்கும்?" என்றேன். மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறவர், அது தோன்றவில்லை! ஆனால் மறுநாள் இரண்டு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். வெயிலில் கருகி வந்தார். வந்து, "நீ சொன்னது நெசந்தான், கேட்டத் தாண்டி ஒண்ணுமே இல்ல. நாலு நாளைக்கு மட்டும் அந்த ஏசியைத் திருப்பிக் கீழ மாட்டச் சொல்லு, எல்லாம் சரியாயிரும், நான் காட்டுறேன்" என்றார்.

எப்படி இருக்கிறது கதை? கொடுப்பேனா? ஓர் உரிமையை வாங்கிய பிறகு ஒருநாள்கூடத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, அக்கா. கொடுத்தால் மறுபடி வராது. எந்த இயக்கத்தின் வரலாற்றை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள்.

இந்த பஸ் ஏன் நிற்கிறது? எட்டயபுரமா? டீ குடிக்கவா? காலை நேரத்தில் டிரைவருக்கு என்ன டீ? அண்ணே, சீக்கிரம் எடுங்கண்ணே! பார்த்தீர்களா, கையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

சரி, கேளுங்கள். அரையிறுதி வந்தது. பெண்கள் அரையிறுதிக்குச் சிறப்பு விருந்தினராக ஒரு பெண் போலீஸ் அதிகாரியைக் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்குச் சாயங்காலம்தான் தோது. நான் சட்டென்று பிடித்துக்கொண்டேன். அப்படியானால் அன்றைக்கு ஒருநாள் நாங்கள் சாயங்காலம், ஆண்கள் இரண்டு மணி! செயலருக்கு வேறு வழியில்லை. எங்கள் ஆட்டம் அன்றைக்குக் கடைசி விசில் வரை போய்ச் சேர்ந்தது. பேச்சியின் அம்மா போன் போட்டுக் கூச்சல் போட்டார். அதை ஒருநாள் கேட்டேனே, எனக்கு அது போதும்.

ஆனால் அதற்கு முன்னால், இரண்டு மணிக்கு என்ன ஆயிற்று என்கிறீர்கள்? ஆண்கள் ஆட்டம் சமனில் முடிந்து ஷூட் அவுட் வரைக்கும் போயிருக்கிறது. சரியாக அந்த நேரத்தில் ரேடியோ செத்துவிட்டது. கேட் தாண்டி ஓர் ஊருக்கும் முடிவு தெரியவில்லை. அடேயப்பா, போன்! செயலருக்கு, பிரின்சிபாலுக்கு, டிரஸ்டில் இருக்கிறவர்களுக்கு. "என்னய்யா ரேடியோ நடத்துறீங்க?" என்று ஊரே ஏறி மிதித்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் ஒரு சீசன் முழுக்க மங்கிப் போனார்கள், ஒருத்தர் போன் பண்ணவில்லை. அவர்களுக்கு ஒரே ஒருநாள்! மறுநாள் காலையிலேயே செயலர் ஆள் அனுப்பி ஏசியை மறுபடி கீழே மாட்டிவிட்டார். இரண்டு மணிக்கும் பவர் குறையவே இல்லை. யார் சூடானால் ஏசி மாட்டுவார்கள் என்று இப்போது புரிகிறதா? நான் சொன்னது சரிதானே?

அதோடு விட்டார்களா? ஊருக்கு ஒரு குற்றவாளியைக் காட்ட வேண்டுமே. "ஏசியை எடுத்தால் இப்படி ஆகும் என்று எஞ்சினியர் எங்களிடம் சொல்லவே இல்லை" என்கிறார் செயலர். "ஏற்கெனவே அவர் வேண்டுமென்றே பவரைக் குறைப்பதாக ஒரு மாணவி புகார் கொடுத்திருக்கிறார்" என்கிறார். யார் அந்த மாணவி? நான்! பெண்கள் ஆட்டத்துக்காக எழுதிக் கொடுத்த புகாரை, ஆண்கள் ஆட்டத்துக்காகத் தூசி தட்டி எடுக்கிறார்கள். அவரைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது, அக்கா. அவரோடு ஒரு சீசன் முழுக்கச் சண்டை போட்டவள் நான். இவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

முந்தாநாள் செயலர் எனக்குப் போன் பண்ணினார். குரலில் அப்படி ஒரு தேன்.

"ஏசி கேட்டு வந்த அன்னைக்கு நீயும் என் ரூம்ல இருந்தியேம்மா. ஞானதுரை ஒண்ணும் எச்சரிக்கை பண்ணலைல்ல?"

"நான் பேசிக்கிட்டு இருந்தேன் சார், எனக்குக் கேக்கல" என்றேன்.

"அது போதும். அதையே வந்து சொல்லிரு. அடுத்த சீசன்ல நம்ம பொம்பளப் பிள்ளைங்களுக்குச் சாயங்கால நேரத்தையே ஒதுக்கிருவோம். நீதானே ரொம்ப நாளாக் கேக்க?"

எப்படிப் பேரம் பேசுகிறார் பாருங்கள்! பேச்சியிடம் போய்ச் சொன்னேன். அவளும் கொதிப்பாள் என்று நினைத்தேன். அவள் காலில் கட்டியிருந்த பேடுகளைக் கழற்றிக்கொண்டே, "வாங்கிப் போடு வல்லி. அவருக்கு வேற எங்கயாச்சும் வேல கெடைக்கும். எங்களுக்கு வேற எங்க சாயங்காலம் கெடைக்கும்?" என்றாள். இரண்டு மணி வெயிலில் ஹெல்மெட்டும் பேடும் போட்டு நிற்கிறவள் அவள். அவளிடம் நான் என்ன வாதம் பண்ணுவது?

நேற்று ஞானதுரை சார் வீட்டுக்கும் போனேன். உங்களுக்காகப் பேசப் போகிறேன் என்று சொல்லத்தான் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவே இல்லை.

"நீ எனக்காகப் பேசாத தாயி. நீ பேசின வேகத்துல ஏசி போச்சு, சிக்னல் போச்சு. மிச்சம் இருக்கது பென்ஷன்தான்."

"சார், நீங்க அப்பவே எனக்குப் புரியுற மாதிரி..."

"ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு அந்த ரூம்ல நான் சொன்னேனா, இல்லையா?"

நான் வேறு ஏதோ சொன்னேன். செயலரின் பேரத்தைப் பற்றி, டிரஸ்டின் போக்கைப் பற்றி. அவர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சாத்திக்கொண்டு போய்விட்டார்.

விசாரணையே அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. சொன்னார் என்றால் வேலை இருக்கும், சொல்லவில்லை என்றால் போகும். அறையில் இருந்தது மூன்று பேர். அவர் சொன்னேன் என்கிறார், செயலர் இல்லை என்கிறார். மிச்சம் நான். எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் பேசிக்கொண்டிருந்தேனே! உச்சத்தில் இருந்தேன். பக்கத்தில் நின்று அவர் ஏதோ சொன்னார். "அங்கருந்து எடுத்தா மத்தியானத்துல பவர் நிக்காது சார், ரெண்டு மணி ஆட்டம் ஊருக்குப் போகாது, பிள்ளைங்களுக்கு இன்னொண்ணு புதுசா வாங்கிக் குடுங்க" என்று ஏதோ. நான், "சார், குறுக்கே பேசாதீங்க, நான் முடிச்சிடுறேன்" என்று சொல்லிவிட்டு என் பாட்டுக்குப் பேசினேன். அப்புறம் எனக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

என்ன?

இல்லையே. கேட்கவில்லை என்றுதான் சொன்னேன்.

ஓ. கேட்கவில்லை என்றால், சொல் மாறாமல் எப்படிச் சொல்கிறேன் என்கிறீர்களா?

அது... என் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு எப்போதும் உரத்த குரல். அதற்காக... இருங்கள், இருங்கள். இதற்கு ஒரு பதில் இருக்கிறது. நான் எப்போதும் பதில் இல்லாமல் நின்றதில்லை.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்களேன், அக்கா. ஒரே புழுக்கமாக இருக்கிறது.

"இன்னொண்ணு வாங்கிக் குடுங்க" என்றுதான் கேட்டிருக்கிறார், இல்லையா? எங்களுக்கு. நான் கேட்டதையேதான் அவரும் கேட்டிருக்கிறார். லூசு மனுஷன், அதைக் கொஞ்சம் நல்ல விதமாகச் சொல்லக் கூடாதா?

பேச்சி என்னோடு பேச மாட்டாள். குறைந்தது ஒரு மாசம் பேச மாட்டாள். சாயங்கால நேரம் கைக்கு வந்தது, என் வாயாலேயே போகப் போகிறது. போகட்டும், மறுபடி கேட்பேன். பேரத்தில் வந்த சாயங்காலத்தில் அவள் ஆட வேண்டாம். இல்லை, அவளுக்கு ஆட்சேபம் இல்லை, எனக்குத்தான். அதையும் அவளிடம் நான்தானே சொல்ல வேண்டும்.

புது பஸ் ஸ்டாண்டா, பழையதா? பழையதில் இறங்கினால் பக்கம். மணி என்ன? நேரம் இருக்கிறது, ஓடினால் இருக்கிறது. நுழைந்ததும் அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடப் போகிறேன். "ஞானதுரை சார் சொன்னார். செயலரும் இருந்தார். நானும் இருந்தேன். எனக்குக் கேட்டது." போதாதா? போதும். அதற்குப் பிறகு வேண்டுமானால் என் புகாரை எடுத்து வைத்துக்கொண்டு சண்டை போடட்டும், நானும் போடுகிறேன், சாயங்காலம் வரைக்கும் போடுகிறேன்.

செயலர் விட மாட்டார். முதல் வாக்கியத்திலேயே பாய்வார். அவருக்கு வக்கீல் வேறு. வருகிறேன், அக்கா. ஒரே ஒரு பயம்தான் எனக்கு. நான் சொல்லி முடிப்பதற்குள் யாரும் குறுக்கே பேசிவிடக் கூடாது.